ஆகாயக் குப்பையும் தேசங்களின் பொறுப்பும்

2009-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதியன்று, சைபீரியாவின் வடகோடிக்கு மேலே, பூமியினின்றும் ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதித் தூள் தூளாயின. ஒன்று, டெலிபோன் செய்திகளைக் கொண்டுசெல்வதற்காக அமெரிக்கக் கம்பெனியொன்று நடத்திவந்த இரிடியம் 33. மற்றொன்று, ருஷியாவுக்குச் சொந்தமான காஸ்மாஸ் 2251. முன்னது அன்று வரையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. பின்னதோ பல வருஷங்களுக்கு முன்பே செயலற்றுப்போய், வெறும் சடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நிகழ்ந்த அந்த மோதலால், பூமியிலிருந்து கண்டறியக்கூடிய அளவுள்ள துண்டுகள் மட்டுமே 2,000 வரையில் உண்டாயின. அவற்றிற் பல இன்றும் நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த நஷ்டத்துக்கு ஈடு செய்தவர் யார்? ஒருவருமில்லை. குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டவர் யார்? அவரும் ஒருவருமில்லை. செத்துப்போன கலத்தை அப்புறப்படுத்தாமல் விட்ட ருஷியாவின் பேரில் பிழையா, வழிவிலகும் சக்தியிருந்தும் விலகாத அமெரிக்கக் கம்பெனியின் பேரில் பிழையா என்ற கேள்வி சில காலம் பேசப்பட்டுப் பின்னர் அடங்கிவிட்டது. இரண்டு கக்ஷியாரும் வாளாவிருந்துவிட்டனர். ஆனால், சிதறிய துண்டுகள் வாளாவிருக்கவில்லை. இன்ன தேசத்தின் கோள் என்று பாராமல், அவ்வழியே செல்லும் எல்லாத் தேசத்தாருடைய கோள்களுக்கும், நம்முடையவற்றுக்கும், அவை ஓயாத அபாயமாக இருந்துவருகின்றன.

இது விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்படவேண்டிய விஷயம் என்று நேயர்களிற் சிலர் கருதலாம். அவ்வாறன்று. வங்காள விரிகுடாவில் புயல் கருக்கொள்ளும்போது அதைக் கண்டு நமக்கு உணர்த்துவது செயற்கைக்கோள். கடலில் மீன் திரளக்கூடிய இடங்களைக் குறித்து நம் கரையோரத்து மீனவர்களுக்கு அறிவிப்பு வெளியிடுவதற்கு ஆதாரமாயிருப்பவை, 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சுற்றும் ஓஷன்ஸாட் வரிசையைச் சேர்ந்த கோள்கள். மேற்சொன்ன மோதல் நிகழ்ந்த உயரத்துக்கும் இவை சுற்றும் உயரத்துக்கும் இடையே அதிக தூரமில்லை. ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு இயற்றப்பட்டு, ஜனங்களின் உயிரையும் தொழிலையும் காப்பதற்கு உதவும் சாதனங்கள் இவை. அவற்றின் வழியிலே பிறர் போட்டுச்சென்ற குப்பையைப்பற்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. நாம் போட்ட குப்பையைப்பற்றிப் பதில் சொல்லவேண்டிய கடமையும் உண்டு.

இக்குப்பை உண்டான வகையை முதலிற் சிறிது விசாரிப்போம். 1957-ம் வருஷத்தில் சோவியத் ருஷியா முதற் செயற்கைக்கோளை ஏவியது முதல், கோளை மேலே கொண்டுசெல்லும் ராக்கெட்டின் கடைசிப் பகுதியை அங்கேயே விட்டுவிடுவது வழக்கமாயிற்று. ஆயுள் முடிந்த கோள்களும் அவ்வாறே விடப்பட்டன. கைவிட்ட ராக்கெட்டுகளின் தொட்டிகளில் மிச்சமிருந்த எரிபொருள் பின்னொரு நாள் வெடிப்பதும் உண்டு. 1961-ம் வருஷம் ஜூன் மாதம் 29-ந் தேதி அமெரிக்க ராக்கெட்டொன்றின் மேற்பகுதி இவ்வாறு வெடித்து, ஏறக்குறைய 300 துண்டுகளாயிற்று. அதுவே இவ்வகையில் முதற் சம்பவம். அதன் பின்னர் இப்படி நிகழ்ந்தவை பல.

இன்றைய நிலைமை யாது? ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தாரின் மதிப்பின்படி, 10 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவுள்ள பொருள்கள் 50,000-க்கு மேல் பூமியைச் சுற்றுகின்றன. இவற்றுள் வேலை செய்யும் கோள்களும் அடங்கும். 1 செண்டிமீட்டர் முதல் 10 செண்டிமீட்டர் வரையுள்ளவை 10 லக்ஷத்துக்கு மேல். 1 செண்டிமீட்டருக்குக் குறைந்து 1 மில்லிமீட்டர் வரையுள்ளவை 13 கோடிக்கு மேல். பெரியவற்றை ரேடார் முதலிய கருவிகளால் தொடர்ந்து பார்த்து, அவை வரும் வழியைக் கணித்து, கோளை விலக்கிக்கொள்ளலாம். மிகச் சிறியவற்றைத் தடுப்பதற்குக் கவசமிடலாம். நடுத்தரமானவையே கொடியவை. அவற்றைப் பார்க்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. நெல்லிக்காயளவுள்ள உலோகத்துண்டு என்ன செய்துவிடும் என்று எண்ணலாகாது. வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலே வந்து தாக்கும்போது, அது ஒரு கோளை முழுதும் நாசமாக்க வல்லது.

கீழே விழுந்து எரிந்துபோகாதா என்று கேட்கலாம். உயரத்தைப் பொறுத்தது அது. 300 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்று இன்னும் இருப்பதால், அங்குள்ள பொருள் சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகங்குறைந்து இறங்கி எரிந்துவிடும். 500 அல்லது 600 கிலோமீட்டரில் அதற்குச் சில வருஷங்கள் முதல் பல வருஷங்கள் வரையில் ஆகும். 800 கிலோமீட்டரில் நூற்றாண்டுக் கணக்காகும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் கோள்களோ, மனிதர் கணக்கிலே, என்றென்றைக்கும் அங்கேயே இருக்கும். ஆகவே, மேலே ஒருவர் போட்டது அவருடைய பேரன் காலத்திலும் அங்கே இருக்கும்.

இதிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. 1978-ம் வருஷத்தில் டொனால்ட் கெஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் பர்டன் கூர்-பாலே என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையொன்றில் இதனை விளக்கினார்கள். ஓர் உயரத்திலே பொருள்கள் ஓர் அளவுக்கு மேல் பெருகிவிட்டால், ஒன்றோடொன்று மோதிப் புதுத் துண்டுகள் உண்டாகும். அவை வேறு கோள்களோடு மோதி மேலும் பல துண்டுகளை உண்டாக்கும். காற்றினால் கழிவதைக்காட்டிலும் மோதலால் பெருகுவது அதிகமாகும். அந்நிலை வந்த பிறகு, மனிதர் புதிதாக ஒன்றையும் ஏவாமல் நிறுத்திவிட்டாலுங்கூடக் குப்பை தானே வளரும். கடனை அடைக்காமல் வட்டிக்கு வட்டி ஏறவிட்ட குடும்பம் என்ன கதியடையும் என்பது நம்மவருக்கு விளக்கவேண்டிய விஷயமன்று.

இவ்வளவும் தெரிந்திருந்தும் தேசங்கள் ஏன் அசட்டையாயிருக்கின்றன? சட்டத்தின் போக்கைக் கவனித்தால் காரணம் விளங்கும்.

1967-ம் வருஷத்து விண்வெளி உடன்படிக்கையின்படி, ஒரு தேசத்தின் சர்க்காரோ, அதன் பிரஜைகள் நடத்தும் கம்பெனியோ, யார் ஏவினாலும் அதற்கு அத்தேசமே பொறுப்பாளி. 1972-ம் வருஷத்தில் ஏற்பட்ட நஷ்டஈட்டு உடன்படிக்கை இப்பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. மேலிருந்து விழும் பொருளால் பூமியின்மீதோ, பறக்கும் விமானத்துக்கோ சேதம் நேர்ந்தால், ஏவிய தேசம் எந்த நியாயமும் பேசாமல் ஈடு செய்யவேண்டும். பிழை யாருடையது என்ற விசாரணையே இல்லை. ஆனால், மேலே ஒரு கோள் மற்றொரு கோளுக்குச் சேதம் விளைவித்தால், பிழை இன்னாருடையது என்று நஷ்டமடைந்தவர் ருசுப்படுத்தவேண்டும். எது பிழை என்பதை அவ்வுடன்படிக்கை எங்கும் சொல்லவில்லை!

இந்த இருவகை நீதியின் பலனைப் பாருங்கள். 1978-ம் வருஷம் ஜனவரி மாதம் 24-ந் தேதி, அணுசக்தி உலையொன்றைத் தாங்கிய காஸ்மாஸ் 954 என்னும் சோவியத் கோள் கானடா தேசத்தின் வடபகுதியில் விழுந்து சிதறியது. மனிதர் நடமாட்டம் குறைந்த அப்பனிப்பிரதேசத்தில் விஷமேறிய துண்டுகளைத் தேடிப் பொறுக்குவதற்குக் கானடா பெருஞ்செலவு செய்து, அதில் ஏறக்குறைய 60 லக்ஷம் டாலரைச் சோவியத் சர்க்காரிடம் கேட்டது. 1981-ம் வருஷத்தில் சோவியத் சர்க்கார் 30 லக்ஷம் கானடா டாலர் கொடுக்கச் சம்மதித்தனர். கேட்டதிற் பாதிதான், ஆயினும் வல்லரசொன்று கையை விரிக்காமல் பணம் கொடுத்தது. பூமியின்மீது சட்டத்துக்குப் பல்லிருந்தது. 2009-ல் மேலே நடந்த மோதலிலோ, எந்தத் தேசமும் ஒரு காசும் கேட்கவில்லை, கொடுக்கவுமில்லை.

நம் தேசத்து அநுபவமே இதற்கு மற்றோர் அத்தாட்சி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவ மார்க்கமாக ராக்கெட்டை ஏவும்போது, நேர் தெற்கே விட்டால் அது இலங்கையின்மீது செல்லும். கழன்று விழும் பாகங்களால் அத்தீவினருக்குத் தீங்கு நேரலாகாது என்பதற்காக, நம் விஞ்ஞானிகள் ராக்கெட்டை வளைத்துச் செலுத்துகின்றனர். அவ்வளைவினால் எரிபொருள் அதிகம் செலவாகி, கொண்டுபோகக்கூடிய பாரம் குறைகிறது. அந்த நஷ்டத்தைத் தவிர்ப்பதற்காகவே தூத்துக்குடி ஜில்லாவில் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரன் தலைமேல் விழுந்தால் பதில் சொல்லவேண்டும் என்ற எண்ணமிருக்கும் இடத்தில் எவ்வளவு ஜாக்கிரதை! அதே ராக்கெட்டின் கடைசிப் பகுதி மேலே போய் நின்றபின், அங்கே செல்லும் பிறருடைய கோளைப்பற்றி இதே அளவு கவலை கொள்ளும்படி எந்தச் சட்டமும் எந்தத் தேசத்தையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆயுள் முடிந்த கோள்களை 25 வருஷத்துக்குள் தாழ்ந்த உயரங்களினின்றும் அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதியை, விண்வெளி ஸ்தாபனங்களின் கூட்டுக் குழு 2002-ம் வருஷத்தில் வகுத்தது. 2007-ல் ஐக்கிய நாடுகள் சபையும் குப்பையைக் குறைக்கும் நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் இவையெல்லாம் புத்திமதிகளேயன்றிச் சட்டங்களல்ல. மீறினவனைத் தண்டிப்பாரில்லை. தன் சொந்த உத்தரவைக்கொண்டு தண்டித்த சர்க்காரும் உண்டு. அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன், ஒரு கோளை ஒப்புக்கொண்ட உயரத்துக்கு ஏற்றாமல் விட்டதற்காக, டிஷ் என்னும் தன் நாட்டுக் கம்பெனிக்கு 2023-ம் வருஷம் 1,50,000 டாலர் அபராதம் விதித்தது. தொகை அற்பமே. எனினும், குப்பையை விட்டுச்செல்வது தண்டனைக்குரியது என்று அதிகாரபூர்வமாகச் சொன்ன முதற் சொல் அது.

அகற்றுவதற்கும் சட்டமே தடையாக நிற்கிறது. கடலில் கைவிடப்பட்ட கப்பலை மீட்பவருக்கு வழக்கப்படி வெகுமதியுண்டு. ஆகாயத்திலோ, செத்துப்போன கோளும், அதன் சிறு துண்டும், ஏவிய தேசத்தின் உடைமையாகவே என்றும் இருக்கும். அதன் சம்மதமின்றி மற்றவர் தொடலாகாது. 2024-ம் வருஷத்தில் ஆஸ்ட்ரோஸ்கேல் என்னும் ஜப்பானியக் கம்பெனியின் கலமொன்று, பழைய ராக்கெட்டுப் பகுதியொன்றை மிக அருகில் அணுகிச் சோதித்தது. அந்த ராக்கெட்டும் ஜப்பானுடையதே. வழியிலே கிடக்கும் பெரும் சடங்களிற் பல ருஷியாவுடையவை. அவற்றைத் தொடவோ ருஷியாவின் அநுமதி வேண்டும். உடைமை மட்டும் என்றும் உண்டு, பொறுப்பு மட்டும் இல்லை என்ற இந்த விபரீத நியாயம் உலகில் வேறெங்கேனும் செல்லுமா?

அசட்டையால் விளைந்ததை இதுவரை சொன்னோம். வேண்டுமென்றே விளைத்ததையும் சொல்லவேண்டும். 2007-ம் வருஷம் ஜனவரி மாதம் சீனா, தன் பழைய கோளொன்றைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் ஆயுதத்தால் அடித்து நொறுக்கியது. கண்டறியப்பட்ட துண்டுகளே 3,000-க்கு மேல். 2021-ம் வருஷம் நவம்பர் மாதம் ருஷியா அவ்வாறே செய்து, 1,500-க்கு மேற்பட்ட துண்டுகளை உண்டாக்கியது. அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்த எழுவரும், ருஷியர் உள்பட, தங்கள் தங்கள் கலங்களிற் புகுந்து பதுங்கவேண்டியதாயிற்று. அமெரிக்காவும் முற்காலத்தில் இத்தகைய சோதனைகளைச் செய்ததுண்டு.

நாமும் செய்தோம். இதை மறைத்துப் பேசுவது தேசபக்தியாகாது. 2019-ம் வருஷம் மார்ச் மாதம் 27-ந் தேதி, நம் சொந்தக் கோளொன்றை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் அடித்து வீழ்த்தினோம். குப்பை சீக்கிரம் அழிந்துபோக வேண்டும் என்று யோசித்தே தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தனர். சீனாவின் செயலோடு இதை ஒப்பிடுவது நியாயமன்று. ஆயினும், 45 நாட்களில் யாவும் எரிந்துவிடும் என்று கூறப்பட்டதற்கு மாறாக, மேல்நோக்கி எறியப்பட்ட சில துண்டுகள் ஓராண்டுக்கு மேலும் சுற்றின. பின்னர் 2022-ம் வருஷக் கடைசியில், இத்தகைய நாசச் சோதனைகளைச் செய்யாதிருக்க உறுதிகொள்ளும்படி ஐக்கிய நாடுகள் சபையில் வந்த தீர்மானத்தை 150-க்கு மேற்பட்ட தேசங்கள் ஆதரித்தன. இந்தியா வாக்களியாமல் ஒதுங்கி நின்றது. அப்படி ஒதுங்கியது நம் பெருமைக்கு உகந்ததா என்று நாம் கேட்கிறோம்.

குறையைச் சொன்னவர் நிறையையும் சொல்லவேண்டும். 2001-ம் வருஷக் கடைசியில் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டொன்றின் மேற்பகுதி வெடித்து 300-க்கு மேற்பட்ட துண்டுகளானது. அதிலிருந்து பாடம் கற்று, வேலை முடிந்தவுடன் மிச்ச எரிபொருளை வெளியேற்றிவிடும் முறையை நம்மவர் மேற்கொண்டனர். 2023-ம் வருஷம் மார்ச் மாதம், அத்தகைய முடிவுக்கென்று அமைக்கப்படாத மேகா-டிராபிக்ஸ் என்னும் கோளை, மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே படிப்படியாக இறக்கிப் பசிபிக் சமுத்திரத்தின் மேலே எரியச் செய்தனர். 2024-ம் வருஷத்து முதல் நாளன்று சென்ற ராக்கெட்டின் கடைசிப் பகுதியை 650 கிலோமீட்டரிலிருந்து 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தி, மூன்று மாதத்துக்குள் அழிந்துபோகச் செய்தனர். அதே வருஷம் ஏப்ரல் மாதம், 2030-க்குள் சர்க்காரும் தனியாரும் நடத்தும் இந்திய முயற்சிகள் யாவும் குப்பையற்றவையாகும் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் ஸ்ரீ சோமநாத் அறிவித்தார். பணக்காரத் தேசங்கள் பலவும் துணியாத வாக்குறுதி இது.

ஆனால், வாக்குறுதி வேறு, சட்டம் வேறு. விண்வெளித் தொழிலுக்கான மசோதாவொன்று 2017-ம் வருஷத்தில் பொதுஜன அபிப்பிராயத்துக்காக வெளியிடப்பட்டது. 2023-ம் வருஷத்தில் விண்வெளிக் கொள்கை பிறந்தது. கொள்கையை மீறியவனைக் கோர்ட்டில் நிறுத்த முடியாது. தனியார் கம்பெனிகள் ராக்கெட்டும் கோளும் செய்யத் தொடங்கிவிட்ட இந்நாளில், அவர்கள் விளைக்கும் நஷ்டத்துக்கு உலகத்தின் முன் பதில் சொல்லவேண்டியது இந்திய சர்க்கார், அதாவது இந்தியப் பிரஜைகள். லாபம் கம்பெனிக்கு, பொறுப்பு ஏழை வரிகொடுப்போனுக்கு என்று ஆகலாமா?

“முதலில் வந்தவர்கள் ஆகாயத்தை நிரப்பிவிட்டுப் பின்னால் வருபவனுக்கு விதிகள் போடுகிறார்கள், நாம் ஏன் கட்டுப்படவேண்டும்?” என்று சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதத்தின் முற்பாதி உண்மை. மேலே கிடக்கும் குப்பையில் மிகப் பெரும்பகுதி அமெரிக்கா, ருஷியா, சீனா ஆகிய மூன்றின் கைவேலை. பிற்பாதியோ தவறு. நம் கிராமங்களில் குடிமராமத்து நடந்த விதம் பெரியோர் அறிவர். ஏரி பொது, அதன் கரையைக் காப்பதும் பொது. அதிக நிலம் பாய்பவன் அதிக ஆள் அனுப்பினான், குறைந்த நிலக்காரன் குறைவாக அனுப்பினான். அவன் அதிகம் மண்ணடித்தான் என்பதற்காக நானும் கரையை வெட்டுவேன் என்று சொன்னவன் நிலமும் சேர்ந்தே காய்ந்தது. பொறுப்பைப் பங்கிடும்போது பழைய குற்றவாளிகள் பெரும்பங்கு ஏற்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவோம். அவ்வாறு வற்புறுத்துவதற்குக் கை சுத்தமாயிருக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்பவன் முதலில் தன் வாசலைப் பெருக்கட்டும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, ஆயுள் முடிந்த கோளையோ ராக்கெட்டையோ குறித்த கெடுவுக்கு மேல் வழியிலே விட்டுவைப்பதே பிழையாகும் என்று நம் தேசத்துச் சட்டத்தில் எழுதவேண்டும். சர்வதேச சபைகளிலும் அதையே வற்புறுத்த வேண்டும். பிழை இன்னதென்று வரையறுத்துவிட்டால், 2009-ல் தப்பியதுபோல் இனி ஒருவரும் தப்ப இயலாது. இரண்டாவது, ஏவுவதற்கு லைசென்ஸ் கேட்கும் கம்பெனியிடம், கடைசியில் கோளை இறக்குவதற்குரிய செலவை ஜாமீன் தொகையாக முன்கூட்டியே வாங்கவேண்டும். ஒழுங்காக இறக்கியவுடன் திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாவது, கைவிட்ட கலங்களைப் பிறர் அகற்றுவதற்கு முன்னதாகவே சம்மதம் அளிக்கும் ஏற்பாடு தேசங்களுக்குள் வரவேண்டும். நான்காவது, நாசச் சோதனை இனிச் செய்வதில்லை என்று இந்தியா தானே முன்வந்து பிரகடனம் செய்யவேண்டும். சாமர்த்தியம் உண்டென்பதை ஒருமுறை காட்டியாயிற்று. மறுமுறை காட்டுவதால் சேரப்போவது குப்பையேயன்றிக் கௌரவமன்று.

குலசேகரப்பட்டினத்துக் கரையிலிருந்து ராக்கெட்டுகள் எழும் நாள் வரும். அன்று நம் இளைஞர் அண்ணாந்து பார்த்துப் பெருமை கொள்வர், கொள்ளவேண்டியதே. அதற்கு முன்னால், மேலே போவது எப்போது, எவர் செலவில், கீழே வரும் என்று கேட்கும் சட்டம் ஒன்று நம் பார்லிமெண்டில் நிறைவேறியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தங்கள் பிரதிநிதிகளிடம் இப்போதே கேட்பது நேயர்களின் கடமை.